இரவலாகத் தாயகம் திரும்பும் பொருள்கள்

1868 ஏப்ரல் 13 அன்று எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸின் மக்தலா மலைக்கோட்டை பிரிட்டிஷ் படையிடம் வீழ்ந்தது. பிடிபட விரும்பாத பேரரசர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு கொள்ளை தொடங்கியது. தேவாலயப் பொன்முடி, பூசைக் கிண்ணங்கள், சிலுவைகள், தோல் ஏடுகளில் எழுதிய நூற்றுக்கணக்கான சுவடிகள், அரச குடும்பத்து ஆடைகள் என அள்ளியவற்றையெல்லாம் சுமந்து செல்லப் பதினைந்து யானைகளும் இருநூறை நெருங்கும் கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. படையோடு வந்த யானைகள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவை. படைத்தலைவர் ராபர்ட் நேப்பியர் அப்போது பம்பாய்ப் படையின் தளபதி. சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர். சென்னை மாகாணத்தின் சாப்பர் படைப்பிரிவும் அதில் இருந்தது. தலாந்தா சமவெளியில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. ஏலம் கேட்டவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஊழியர் ரிச்சர்ட் ஹோம்ஸ். அருங்காட்சியகம் அவரைப் படையோடு சேர்த்தே அனுப்பியிருந்தது.

காலனிய நாடுகளிலிருந்து போன கலைச்செல்வம் 'சேகரிக்கப்பட்டது' என்று எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சேகரிப்பவரும் படையும் ஒரே கப்பலில் போனார்கள் என்பதற்கு மக்தலாவை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கொள்ளையில் போனவற்றுள் தாபோத் எனப்படும் புனிதப் பலகைகளும் உண்டு. ஒவ்வொரு எத்தியோப்பிய மரபுவழித் தேவாலயத்தின் கருவறையிலும் ஒரு தாபோத் இருக்கும். அது இருந்தால்தான் அந்தக் கட்டடம் தேவாலயம். குருமாரைத் தவிர வேறெவரும் அதைக் கண்ணால் காணக்கூடாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் பதினொரு தாபோத்துகள் இருக்கின்றன. எத்தியோப்பிய மரபுக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லி அவற்றை மூடிய அறையில் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களும் ஆய்வாளர்களும் அவற்றைப் பார்க்க முடியாது; அருங்காட்சியக ஊழியர்களுக்கும் அனுமதி இல்லை. உலகத்தார் எல்லோரும் வந்து பார்ப்பதற்காகவே இங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லும் நிறுவனம், யாருமே பார்க்கக்கூடாத பொருளை எந்த நியாயத்தில் வைத்திருக்கிறது? எடின்பரோவில் ஒரு தேவாலயம் தன் அலமாரியில் ஒரு தாபோத்தைக் கண்டெடுத்தது. 2002இல் அதை எத்தியோப்பியாவிடம் கொடுத்துவிட்டது. அந்தத் தேவாலயத்தைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைத் தடுப்பது 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம். இரட்டைப் படிகள், பயனற்றுப் போனவை போன்ற சில விலக்குகள் தவிர, எதையும் கைவிட்டுப் போக விடக்கூடாது என்கிறது அது.

இந்தச் சட்டத்தின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாஜிகள் ஒரு யூதக் குடும்பத்திடமிருந்து பறித்த நான்கு ஓவியங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றைத் திருப்பிக்கொடுக்க அருங்காட்சியகம் விரும்பியும்கூட, 1963 சட்டம் இடம் தராது என்று 2005இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2009இல் தனிச்சட்டம் போட்டு, நாஜிக் காலத்தில் பறிக்கப்பட்டவற்றைத் தேசிய அருங்காட்சியகங்கள் திருப்பித் தர வழிசெய்தது. மிகச் சரியான காரியம் அது. ஆனால் மக்தலாவுக்கும், அதேபோல் கொள்ளைபோன நைஜீரியாவின் பெனினுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 2022இல் வந்த அறநிறுவனச் சட்டத்தில், தார்மீகக் காரணத்துக்காகச் சொத்தைத் திருப்பித் தரலாம் என்ற சிறு இடைவெளி தெரிந்தபோது, தேசிய அருங்காட்சியகங்களுக்கு அது பொருந்தாதபடி அரசு பார்த்துக்கொண்டது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். சட்டம் தடுக்கிறது என்று சொல்கிறவர்களுக்குச் சட்டத்தைத் திருத்தத் தெரியும். ஒருமுறை திருத்தியும் இருக்கிறார்கள்.

இந்த விவாதத்தின் மையத்தில் இன்று நிற்பது நைஜீரியாவின் பெனின் நகரம். 1897 ஜனவரியில், ஓபா எனப்படும் அதன் மன்னர் ஓவொன்ராம்வென் திருவிழாச் சடங்குகளில் இருந்த சமயம், இப்போது வரவேண்டாம் என்ற செய்தியையும் மீறி பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் பிலிப்ஸ் ஒரு குழுவோடு புறப்பட்டார். வழியில் பெனின் வீரர்கள் தாக்கினார்கள். வெள்ளையரில் இருவர் மட்டும் தப்பினர், ஆப்பிரிக்கச் சுமைக்காரர்கள் பெருமளவில் மாண்டனர். பழிவாங்க வந்தது அட்மிரல் ராசனின் படை. பிப்ரவரி 18 அன்று நகரம் விழுந்தது. சில நாட்களில் அரண்மனை தீயில் போயிற்று. ஓபா கலபாருக்கு நாடுகடத்தப்பட்டு 1914இல் அங்கேயே இறந்தார். அரண்மனைச் சுவர்களையும் தூண்களையும் அணிசெய்த வெண்கல, பித்தளைப் பலகைகள், முன்னோர் பீடங்களில் நின்ற தலைச்சிற்பங்கள், செதுக்கிய யானைத் தந்தங்கள் எல்லாம் கப்பலேறின. படையெடுப்புக்கு ஆன செலவை ஈடுகட்ட அவற்றில் பெரும்பகுதி விற்கப்பட்டது. அதிகம் வாங்கியவை ஜெர்மன் அருங்காட்சியகங்கள்.

அந்தப் பலகைகள் அலங்காரத்துக்குச் செய்தவை அல்ல. போர்கள், தூதுக்குழுக்கள், அரசவைச் சடங்குகள், போர்த்துக்கீசியரின் வருகை என ஓர் அரசின் வரலாறு அவற்றில் வார்க்கப்பட்டிருந்தது. அவற்றைச் செய்த இகுன் தெரு வார்ப்புக் குடியினர் இன்றும் அதே தெருவில், நம் சுவாமிமலை ஸ்தபதிகளைப் போலவே, மெழுகில் உரு செய்து உலோகம் வார்க்கிறார்கள். முன்னோர் செய்த மாதிரியைப் பார்க்க அவர்கள் ஐரோப்பாவுக்கு விசா கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 1977இல் லாகோஸில் நடந்த மாபெரும் கறுப்பினக் கலைவிழாவுக்கு, பெனின் ராணி இதியாவின் தந்த முகமூடியையே சின்னமாகத் தேர்ந்தார்கள். அசலைக் கொஞ்ச காலத்துக்கு இரவலாகவாவது தாருங்கள் என்று நைஜீரியா கேட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தரவில்லை. இன்று அந்த அருங்காட்சியகத்திடம் பெனின் பொருள்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய 'டிஜிட்டல் பெனின்' என்னும் இணையப் பட்டியல், 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெனின் பொருள்கள் கிடப்பதைக் காட்டியது.

இப்போதுதான் ஆப்பிரிக்கா கேட்கத் தொடங்கியிருக்கிறது என்று பல ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அது பொய். 1978இல் யுனெஸ்கோவின் தலைவராக இருந்த செனகல் நாட்டவர் அமது மஹ்தார் ம்போவ், ஈடுசெய்ய முடியாத பண்பாட்டுச் செல்வத்தை அதைப் படைத்தவர்களிடமே திருப்பித் தாருங்கள் என்று உலகுக்கு வெளிப்படையான வேண்டுகோள் விடுத்தார். எல்லாவற்றையும் அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு மக்களுக்கும் உயிர்நாடியான சிலவற்றைத்தான் கேட்டார். அதற்கும் மூன்றாண்டு முன்பே இலங்கைத் தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநர் பி.எச்.டி.எச். டி சில்வா, வெளிநாடுகளில் உள்ள இலங்கைப் பொருள்களின் பெரும் பட்டியலைத் தொகுத்து நூலாக வெளியிட்டிருந்தார். பெர்லினின் கலை வரலாற்றாசிரியர் பெனெடிக்ட் சவோய், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜெர்மன் அருங்காட்சியக அதிகாரிகள் இந்தக் கோரிக்கைகளை எப்படி அமுக்கினார்கள் என்பதை அவர்களுடைய கடிதங்களைக் கொண்டே நூலாக எழுதியிருக்கிறார். ஆக, நாற்பது ஆண்டு மௌனத்துக்குக் காரணம் கேட்பார் இல்லாமை அல்ல.

உடைப்பு பிரான்சில் வந்தது. 2016இல் பெனின் குடியரசு (இது பழைய தஹோமே, நைஜீரியாவின் பெனின் நகரம் வேறு) தன் பொருள்களைத் திருப்பிக் கேட்டபோது, அரசுச் சொத்து எவருக்கும் கைமாற்ற முடியாதது என்று பிரான்ஸ் மறுத்தது. 2017 நவம்பரில் வாகடூகு பல்கலைக்கழகத்தில் பேசிய பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன், ஐந்தாண்டுக்குள் ஆப்பிரிக்கச் செல்வம் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வழி செய்வதாக அறிவித்தார். செனகல் பொருளியல் அறிஞர் ஃபெல்வின் சார், பெனெடிக்ட் சவோய் இருவரும் 2018இல் அளித்த அறிக்கைதான் இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றுள் துணிச்சலானது. போரில் எடுத்தது, காலனிய அதிகாரிகள் எடுத்தது, அறிவியல் பயணங்கள் எடுத்தது எல்லாவற்றையும் ஒரே கேள்விக்கு உட்படுத்தினார்கள்: கொடுத்தவர் மறுக்கும் நிலையில் இருந்தாரா? முறையாக வாங்கியதற்குச் சான்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது என்று திருப்பிப் போட்டார்கள். 1931 முதல் 1933 வரை டாக்கரிலிருந்து ஜிபூட்டி வரை போன பிரெஞ்சு ஆய்வுக்குழுவின் செயலர் மிஷெல் லேரிஸ், ஊர்க் கோயில்களிலிருந்து வழிபாட்டுப் பொருள்களை மிரட்டியும் களவாகவும் எடுத்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி 1934இல் அச்சிட்டும் விட்டார். அந்தப் பொருள்கள் பாரீஸ் அருங்காட்சியகத்துக்குத்தான் போயின.

அறிக்கையின் துணிச்சலுக்கு ஏற்ற வேகம் செயலில் இல்லை. 1892இல் அபோமே அரண்மனையிலிருந்து கர்னல் டாட்ஸின் படை எடுத்த 26 பொருள்களைத் திருப்ப 2020 டிசம்பரில் தனிச்சட்டம் வந்தது. 2021 நவம்பரில் அவை கோத்தனூ சென்றன. அங்கே நடந்த கண்காட்சிக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பாரீஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் பொருள்கள் ஏறத்தாழ எழுபதாயிரம். ஐவரிகோஸ்டின் பேசும் முரசு ஒன்றைத் திருப்ப 2025இல் இன்னொரு தனிச்சட்டம் தேவைப்பட்டது. ஒரு முரசுக்கு ஒரு சட்டம் என்று போனால் எத்தனை தலைமுறை ஆகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனி எடுத்த வழி எனக்கு மேலானதாகப் படுகிறது. 2022 ஜூலையில் நைஜீரியாவோடு ஒப்பந்தம் செய்து, தன் பொது அருங்காட்சியகங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனின் பொருள்களின் உடைமையை மாற்ற இசைந்தது. பெர்லினின் ஐந்நூற்றுச் சொச்சம் பொருள்கள் காகிதத்தில் முதலில் நைஜீரியாவுடையவை ஆயின. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நைஜீரியா பத்தாண்டுக்குப் பெர்லினிலேயே இரவலாக விட்டுவைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் பேர்பாக் இருபது பொருள்களைத் தாமே அபுஜாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெர்லினில் போய்ப் பார்ப்பவருக்கு எதுவும் குறையவில்லை. ஆனால் இரவல் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது நேராகிவிட்டது.

இதன் அருகில் கானாவை வைத்துப் பாருங்கள். 1874 போரில் பிரிட்டிஷ் படை குமாசியிலிருந்து எடுத்த அசாந்தே அரசப் பொன்னணிகள் உள்ளிட்ட 32 பொருள்கள் 2024இல் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போயின. அனுப்பியவை பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும். மூன்றாண்டு இரவல்! அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபௌலர் அருங்காட்சியகம் ஏழு அசாந்தே பொருள்களை நிபந்தனையின்றி, நிரந்தரமாகக் கொடுத்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்தேனும் மக்கள் தம் அரசரின் அணிகளைக் கண்டார்கள் என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. அசாந்தே அரசர் அதை ஏற்றதில் குறைகாண எனக்கு உரிமை இல்லை. ஆனால் கொள்ளை போன வீட்டுக்காரர் தம் நகைக்கு ரசீது எழுதிக் கையெழுத்திட வேண்டியிருப்பது நீதி ஆகாது. என் கட்சி இதுதான்: முதலில் உடைமை மாற வேண்டும். எங்கே வைப்பது, யார் காப்பது, யாருக்குக் காட்டுவது என்பதெல்லாம் பிறகு உடையவர் முடிவு செய்வது.

பாதுகாப்பு இல்லாத நாடுகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற வாதம் 2023 ஆகஸ்டில் வலுவிழந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகக் கிடங்கிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பொருள்கள் காணாமலும் சேதமாகியும் போனது வெளிவந்து, இயக்குநர் பதவி விலகினார். நம் பக்கமும் மாசற்றது அல்ல. ஸ்ரீபுரந்தான் நடராசர் சுதந்திர இந்தியாவில், நம் கண்ணெதிரே திருடப்பட்டுக் கான்பரா போய், 2014இல் திரும்பியவர். ஆனால் பூட்டு பலவீனமாக இருக்கிறது என்பதற்காகப் பொருள் அயலார் உடைமை ஆகிவிடுவதில்லை.

கடினமான கேள்வி யாரிடம் கொடுப்பது என்பது. 2023 மார்ச்சில் நைஜீரியக் குடியரசுத் தலைவர் புகாரி, திரும்பும் பெனின் பொருள்களின் உடைமையாளர் இன்றைய ஓபாவே என்று அறிவித்தார். அதையடுத்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் ஒப்படைப்பு விழாவைத் தள்ளிவைத்தது. பெனின் நகரில் வெளிநாட்டு நிதியோடு எழுந்த மேற்கு ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் முன்திறப்பை 2025 நவம்பரில் எதிர்ப்பாளர்கள் புகுந்து நிறுத்தினார்கள். ஓபாவின் பெயரில் அரச அருங்காட்சியகமே வேண்டும் என்பது அவர்கள் குரல். இன்னொரு குரல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடிமைகளாக விற்கப்பட்டோரின் வழிவந்தவர்கள், அந்த உலோகமே ஐரோப்பியர் அடிமைகளுக்கு விலையாகத் தந்த வளையங்களை உருக்கியது, எங்களுக்கும் பங்குண்டு என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் 29 பொருள்களைத் திருப்பியதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. என்றாலும் இவையெல்லாம் பெனினும் நைஜீரியாவும் அந்த வழித்தோன்றல்களும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை. வாரிசுகளுக்குள் வழக்கு இருப்பதால் பொருள் என்னிடமே இருக்கட்டும் என்று பறித்தவர் சொல்ல முடியாது. 2025இல் நெதர்லாந்து 119 பெனின் பொருள்களைக் கொடுத்தபோது, இந்தச் சண்டை தீரட்டும் என்று காத்திருக்கவில்லை.

உடையவர் யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நல்ல விடை போயிருக்கிறது. பத்தூர்க் கோயில் இடிபாட்டில் 1976இல் புதைபொருளாகக் கிடைத்த நடராசர் திருட்டுத்தனமாக லண்டன் போனார். அது காலனியக் கொள்ளை அல்ல, கடத்தல். ஆனால் அந்த வழக்கில், வழிபாடு நின்று இடிந்துகிடந்த கோயிலும் சட்டத்தின் முன் ஓர் ஆள், அது தன் பெயரில் வழக்குத் தொடுக்கலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1991இல் நடராசர் திரும்பினார். தாபோத்தும் முன்னோர் பீடத்துத் தலையும் வெறும் சொத்து அல்ல என்று சொல்ல ஆப்பிரிக்க வழக்கறிஞர்களுக்கு இந்தத் தீர்ப்பு உதவும். அதே சமயம், மீண்டு வந்த திருமேனிகளில் பல பூசையின்றி அரசுப் பாதுகாப்பு மையங்களில் இருப்பதையும் நாம் மறைக்க வேண்டாம்.

இலங்கைக்கு வந்தது இந்த வரலாற்றின் நல்ல பக்கம். கண்டி அரசின் அரியணையை 1815இல் எடுத்துப்போன பிரிட்டன் 1934இல் திருப்பிக் கொடுத்தது. ஏகாதிபத்தியத்தின் நடுப்பகலிலேயே அது முடிந்திருக்கிறது. 1765இல் டச்சு ஆளுநர் வான் எக்கின் படை, மதுரை நாயக்கர் குலத்தவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அப்போது போன சிறு பீரங்கி, வெள்ளியும் பொன்னும் மணியும் பதித்தது, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. டச்சு, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து அது கைமாறிய வரலாற்றைத் தோண்டினார்கள். இதற்கிடையே 2021இல், விருப்பமின்றி இழந்தது என்று தெரிந்தால் நிபந்தனையின்றித் தருவோம் என்ற கொள்கையை நெதர்லாந்து ஏற்றிருந்தது. 2023இல் பீரங்கியும் இரண்டு வாள்களும் ஒரு கத்தியும் இரண்டு துப்பாக்கிகளும் கொழும்பு வந்தன. அதே முடிவில் லொம்பொக் செல்வமும் சிங்கசாரிச் சிலைகளும் உட்பட 472 பொருள்கள் இந்தோனேசியாவுக்குப் போயின. 2025இல் 'ஜாவா மனிதன்' மண்டையோட்டுப் பகுதி உட்பட இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதைபடிவங்களைத் தரவும் நெதர்லாந்து இசைந்தது. அருங்காட்சியகங்கள் காலியாகிவிடும் என்று பயந்தவர்கள் ஆம்ஸ்டர்டாம் போய்ப் பார்க்கலாம்.

இந்தியா எங்கே நிற்கிறது? நம் பொதுப்பேச்சு முழுதும் கோகினூர் வைரத்திலேயே நின்றுவிடுகிறது. பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து 1849 ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது அது. 2016இல் அரசு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திலேயே அது திருடப்பட்டதல்ல என்று சொல்ல, பிறகு அரசு அந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொண்டது. கேட்பவர் தெளிவாக இல்லாதபோது கொடுப்பவருக்குச் சாக்கு எளிது. இதற்கிடையே 2022இல் கிளாஸ்கோ நகர அருங்காட்சியகங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில்களிலிருந்து திருடப்பட்டவை உட்பட ஏழு பொருள்களை இந்தியாவுக்கு உரிமைமாற்றக் கையெழுத்திட்டன. நம் செய்தித்தாள்களில் அது சிறு பத்தியாகக் கடந்துபோயிற்று.

போரில் பறித்ததைக் கேட்பது எளிது. அமராவதித் தூபியின் சிற்பங்கள்? சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை 1859இல் லண்டன் போய்ச் சேர்ந்தன. மற்றவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கத்தி எடுக்காமல் அரசாணையில் போன செல்வம் இது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்த சோழர் செப்பேடுகள் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போன கதையும் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்து பிரிக்க முடியாதது. இவற்றுக்கு சார்–சவோய் கேட்ட கேள்வியையே கேட்க வேண்டும்: மறுக்கும் நிலையில் யாராவது இருந்தார்களா?

அந்தக் கேள்வி நம்மை நோக்கியும் வரும். பிரிட்டிஷ் இந்திய அரசின் பணத்தில் தொல்லியலாளர் ஔரல் ஸ்டைன் சீன மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்த சுவரோவியங்களும் துன்ஹுவாங் பட்டு ஓவியங்களும் தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனிடம் கேட்கிற வாய், தில்லியைக் கேட்டால் மூடிக்கொள்ளக்கூடாது.

ஆகவே டி சில்வா 1975இல் இலங்கைக்குச் செய்த வேலையை இந்தியாவும் செய்ய வேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் கையால், இன்று எங்கே என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுதிய பட்டியலை யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் தம் பங்கை இப்போதே தொடங்கலாம். மாகாண ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டைன் கொண்டுவந்தவையும் அந்தப் பட்டியலில் மறைக்காமல் இடம்பெற வேண்டும்.